ஒத்த எஞ்சின் என்று பயப்படும் என் அக்காவுக்கும், அவளைப் போன்றவர்களுக்கும்

அக்கா மகனுக்கு விமானப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்ததில் இருந்து மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. "ஒத்த எஞ்சினாமே தம்பி, வானத்துல அது நின்னுட்டா புள்ள என்னா பண்ணுவான்?" அக்கா என்னிடம் இதைக் கேட்காத நாள் கிடையாது. இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு பறக்கும் மன்றத்தில் சேர்ந்து, சம்பளத்தில் பாதியைக் கொட்டி, சிறு விமானம் ஓட்ட உரிமம் எடுத்தவன் நான். இப்போது ஓட்டுவதில்லை, ஆனால் படிப்பதை விடவில்லை. அதனால் பதிலை இங்கேயே எழுதுகிறேன், மற்ற பெற்றோர்களும் படிக்கட்டும்.

முதலில் ஒன்று. எஞ்சின் நின்றால் விமானம் கல்லு மாதிரி விழாது. மிதக்கும். பயிற்சிக்கு அதிகம் பயன்படும் செஸ்னா 172, 1956-இல் இருந்து 44,000-க்கும் மேல் செய்யப்பட்ட விமானம், ஆயிரம் அடி உயரத்தில் எஞ்சின் அணைந்தாலும் சுமார் இரண்டரை கிலோமீட்டர் சறுக்கிக்கொண்டு போகும். அந்த இரண்டரை கிலோமீட்டருக்குள் ஒரு திடலோ வயலோ கண்ணில் பட வேண்டும், அதற்குத்தான் பயிற்சி. சரி, இரண்டு எஞ்சின் இருந்தால் பயமே இல்லையா? 2023 ஆகஸ்ட்டில் ஷா ஆலம் பக்கம் எல்மினாவில் விழுந்து பத்து உயிர்களைக் கொண்டுபோன விமானத்துக்கு இரண்டு எஞ்சின். அது விழுந்ததற்கு எஞ்சின் காரணமில்லை, தரையில் இறங்கிய பிறகு மட்டும் திறக்க வேண்டிய இறக்கைத் தடுப்புப் பலகைகள் வானத்திலேயே திறந்துகொண்டதுதான் காரணம் என்று விசாரணை அறிக்கை சொல்லிவிட்டது.

2024 பிப்ரவரி 13, காப்பார் பக்கம் கம்போங் தோக் மூடா செம்பனைத் தோட்டத்தில் ஒரு சிறு விமானம் விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். சுபாங் விமான நிலையத்தில் இருந்து கிளம்பி ஒரு பத்து நிமிடம்கூட ஆகவில்லை. விமானம் மண்ணுக்குள் புதைந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தூக்கம் வந்திருக்காது. அன்று சாயங்காலமே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் புலனத்தில் "எஞ்சின் நின்னுருச்சாம்" என்று ஒருவர் போட, ஐந்து பேர் அதையே திருப்பிப் போட்டார்கள். விசாரணை அதிகாரிகள் மண்ணைத் தோண்டி முடிக்கவில்லை, அதற்குள் நாம் தீர்ப்பு எழுதிவிட்டோம். எனக்குக் கோபம் வந்தது, இன்னும் தீரவில்லை. இறந்தவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது.

அமெரிக்காவில் எதனால் விபத்து என்ற கணக்கைப் பல வருடமாக எடுக்கிறார்கள். சிறு விமான விபத்துகளில் முக்கால்வாசிக்கு விமானியின் செய்கையோ முடிவோதான் காரணம். இதை "அவன் தப்புப் பண்ணிட்டான்" என்று படிக்கக் கூடாது. எந்த நேரத்தில், எந்த நெருக்கடியில் அந்த முடிவை எடுத்தான் என்று படிக்க வேண்டும்.

பெட்ரோலையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டு விபத்து விசாரணை வாரியம் 2017-இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: எண்ணெய் தீர்ந்தோ, தொட்டியில் எண்ணெய் இருந்தும் எஞ்சினுக்குப் போகாமலோ வருடத்துக்கு ஐம்பதுக்கும் மேல் விபத்து, அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் விமானியின் கை இருக்கிறது. மோட்டாரில் போனால் ஓரமாக நிறுத்தித் தள்ளிக்கொண்டு போகலாம். மேலே அது நடக்காது. நான் பழகிய காலத்தில் காலையில் முதல் வேலை, இறக்கைக்கு அடியில் குனிந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் எண்ணெய் பிடித்து வானத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பது. விமானப் பெட்ரோல் இளநீலமாக இருக்கும். அடியில் நிறமில்லாத குமிழ் உருண்டால் அது தண்ணீர். நம் ஊர் ஈரக் காற்றுக்குப் பாதித் தொட்டியோடு ராத்திரி நிறுத்தி வைத்தால் உள்ளே வியர்த்து நீர் சேர்ந்துவிடும். குமிழ் போகும்வரை வடித்துக்கொண்டே இருப்போம். ஆசிரியர் பக்கத்தில் நின்று ஒன்றும் பேசாமல் பார்ப்பார்.

அப்புறம் பனிக்கட்டி. இந்த வெயிலில் பனியா என்று அக்கா சிரித்தாள். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் உள்ள பழைய எஞ்சினில் பெட்ரோல் ஆவியாகும்போது குளிர் வரும், ஒடுங்கிய குழாயில் காற்று வேகமாகப் போகும்போதும் குளிர் வரும், இரண்டும் சேர்ந்து உள்ளே முப்பது டிகிரிக்கு மேல்கூட வெப்பம் இறங்கிவிடும். வெளியே 38 டிகிரி இருந்தாலும் காற்றில் ஈரம் இருந்தால் உள்ளே பனி கட்டலாம் என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. எனக்கே நடந்தது. மழை விட்ட ஒரு காலை, இருவர் உட்காரும் செஸ்னா 150, கீழே பச்சைப் பாய் விரித்த மாதிரி செம்பனை. இறங்குவதற்காக எஞ்சினைக் குறைத்துக் கொஞ்ச நேரம் ஆனதும் சுற்று மெல்ல மெல்ல இறங்குகிறது, நான் ஒன்றும் செய்யாமலே. சூடான காற்றை உள்ளே விடும் குமிழை இழுத்தேன். எஞ்சின் உடனே இருமத் தொடங்கியது, முன்னைவிட மோசம். என் கை குமிழைத் திரும்பத் தள்ளப் போனது. ஆசிரியர் தன் கையை என் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டார். உருகிய தண்ணீரை எஞ்சின் விழுங்கி முடிக்கும்வரை ஒரு பத்து வினாடி இருக்கும். எனக்கு அது தீபாவளிக்கு முந்தின ராத்திரி மாதிரி நீண்டது. பிறகு சத்தம் சீரானது. பனி உருகும்போது எஞ்சின் திணறத்தான் செய்யும், அந்த நேரம் பயந்து குமிழை மூடிவிட்டால் பனி மறுபடியும் கட்டிக்கொள்ளும்.

ஓடுபாதையை விட்டு எழும்பி முந்நூறு நானூறு அடியில் எஞ்சின் நின்றால் மனசு உடனே திரும்பிப் போகத்தான் சொல்லும். பாதை பின்னால்தானே இருக்கிறது? அந்த உயரத்தில் திரும்பினால் விமானத்தைச் சாய்க்க வேண்டும், சாயச் சாய அது மிதக்கத் தேவையான வேகம் கூடும், அறுபது டிகிரி சாய்த்தால் நாற்பது சதவீதம் கூடுதல். அந்த வேகம் கையில் இல்லை. இறக்கை தூக்குவதை விட்டுவிடும், ஒரு பக்கமாகச் சுழன்று விழும். நேரே எதிரில் இருப்பது செம்பனையாக இருந்தாலும் அதன்மேல் மெதுவாக, மட்டமாக உட்கார்ந்தால் பிழைக்க வழி உண்டு. இதை மூளை ஏற்கும், கை ஏற்காது. அதனால்தான் நூறு தடவை பழக்குகிறார்கள்.

இயந்திரமே கைவிடுவது இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் டேட்டோனா பீச்சில் ஒரு பைப்பர் பயிற்சி விமானத்தின் இறக்கை பறக்கும்போதே கழன்று இரண்டு பேர் இறந்தார்கள், இறக்கைத் தண்டில் திரும்பத் திரும்ப ஏறிய பாரத்தால் விரிசல். பிறகு அந்த வகை விமானங்களைச் சோதிக்க உத்தரவு போட்டார்கள். இப்படியும் நடக்கும். ஆனால் அடிக்கடி நடப்பது இது இல்லை.

நான் உண்மையாகப் பயப்படுவது மேகத்துக்கும் புகைமூட்டத்துக்கும்தான். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருபது பேரை வைத்துப் பார்த்தார்கள், கருவிகளை மட்டும் நம்பி ஓட்டப் பழகாதவர்கள். வெளியே எதுவும் தெரியாமல் செய்தபோது இருபது பேருமே விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைக்க முடியாமல் போனார்கள், சராசரியாக 178 வினாடியில். மூன்று நிமிடம்கூட இல்லை. 1959 பிப்ரவரியில் பாடகர் பட்டி ஹாலியோடு விழுந்த பொனான்சா சிறு விமானத்தை ஓட்டியவருக்கு வயது 21, ராத்திரி, பனிப்பொழிவு, கருவி உரிமம் இல்லை. 1999 ஜூலையில் அதிபர் கென்னடியின் மகன் மங்கலான ராத்திரியில் கடல்மேல் போய்த் திசை தடுமாறி, மனைவியோடும் மனைவியின் அக்காவோடும் போய்ச் சேர்ந்தார். எஞ்சின் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. சுமத்ரா புகை வரும் மாதங்களில் நம் வானம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் தித்திவங்சா மலைப் பக்கம் கறுத்து எழும்பும் மேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேகம் கறுத்தால் "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்ல ஒரு பையனுக்குத் தைரியம் வேண்டும். தோட்டத்தில் இருந்து வந்த பிள்ளைக்கு அது இரண்டு மடங்கு கஷ்டம். தாமான் வீட்டை அடகு வைத்து, அம்மாவின் தாலிக்கொடியையும் சேர்த்து, ஒவ்வொரு மணி நேரப் பறப்புக்கும் நூற்றுக்கணக்கான மலேசிய வெள்ளி கட்டியிருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியும். அந்த நினைப்போடு ஓடுபாதை முனையில் நிற்பவன் எப்படித் திரும்பி வருவான்? "போயிடலாம், சமாளிச்சுடலாம்" என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது, ஒரு முறை கிளம்பியும் இருக்கிறேன். அன்று மேகம் விலகியது. விலகாமலும் இருந்திருக்கலாம்.

அதனால் நேற்று ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டு ஒன்று கேட்டேன், அடகு வைத்த கதையை இனிமேல் அவனிடம் எடுக்காதே, மாதத் தவணையைப் பற்றி என்னிடம் பேசு, காசை நினைக்காமல் மேகம் கறுத்தால் திரும்பி வா என்று அவனிடம் சொல். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "நான் சொன்னா அழுதுடுவேன், நீயே சொல்லு" என்றாள். வெள்ளிக்கிழமை வருகிறான். எண்ணெய் பார்க்கும் என் பழைய குவளையைக் கழுவி எடுத்து வைத்திருக்கிறேன், அதைக் கொடுத்துக்கொண்டே சொல்லப் போகிறேன்.