ஈடிபஸுக்கு ஈடிபஸ் சிக்கல் கிடையாது
மகனுக்கு ஆழ்மனத்தில் தாய்மேல் ஆசையும் அப்பன்மேல் பகையும் இருக்கும் என்று உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்ட் சொன்னதுதான் ஈடிபஸ் சிக்கல். 'தாய்மேல் இருந்த ஆசையில்தான் ஈடிபஸ் அப்பனைக் கொன்றான், பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் நாடகத்திலேயே இருக்கிறது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நாடகத்தில் அப்படி இல்லவே இல்லை. கொரிந்தில் தன்னை வளர்த்த பாலிபஸையும் மெரொப்பேயையும்தான் அவன் பெற்றோர் என்று நம்புகிறான், டெல்ஃபி கோவிலில் 'அப்பனைக் கொன்று தாயை மணப்பாய்' என்ற தெய்வவாக்கைக் கேட்டதும் அவர்களுக்குத் தன்னால் கேடு வந்துவிடக் கூடாதே என்று ஊர்ப்பக்கமே திரும்பாமல் போகிறான். முச்சந்தியில் வண்டிக்காரன் வழியைவிட்டுத் தள்ளுகிறான், வண்டியில் இருந்த கிழவர் தார்க்குச்சியால் தலையில் அடிக்கிறார், அந்த ஆத்திரத்தில் நடந்த கொலை அது. அவர் தன்னைப் பெற்ற அப்பன், தீப்ஸ் அரசர் லாயஸ் என்பதே இவனுக்குத் தெரியாது. பெற்ற தாயான யொகாஸ்டாவும், தீப்ஸை வதைத்த ஸ்ஃபிங்ஸ் என்ற அரக்கியின் விடுகதையை அவிழ்த்த பிறகு அரியணையோடு சேர்ந்து வந்தவள்தான்.

ஆழ்மனத்தில் ஆசை இருந்தது என்பீர்கள். சரி, அது வளர்த்தவளான மெரொப்பேமேல் அல்லவா இருக்க வேண்டும்? பண்டைய கிரேக்கத்தை ஆய்ந்த பிரெஞ்சு அறிஞர் ழான் பியேர் வெர்னான் 1967இலேயே இதைக் கேட்டுவிட்டார்.

ஃப்ராய்டும் 1900 என்று ஆண்டிட்டு வந்த 'கனவுகளின் விளக்கம்' நூலில் முக்கியமாக விளக்கப் பார்த்தது, இந்த நாடகம் பார்ப்பவரை ஏன் இப்படி உலுக்குகிறது என்பதைத்தான். தாயோடு கூடுவதாகப் பலர் கனவு கண்டிருக்கிறார்கள் என்று யொகாஸ்டா சொல்லும் இடத்தையும் அவர் சான்றாகக் காட்டுகிறார், ஆனால் அவள் அதைச் சொல்வது இதையெல்லாம் பொருட்படுத்தாதே என்று கணவனின் பயத்தைத் தணிக்க. அதே நூலில் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் தயங்குவதும் இதே ஆசையால்தான் என்று அவர் சொல்வதை வேண்டுமானால் பேசலாம், அவன் பழிவாங்கத் தயங்குவதற்கு நாடகமே நேராகக் காரணம் சொல்வதில்லை.