காபி ஊற்றத் தெரிந்த நடிகை

‘அவர் சீரியல் நடிகைதானே’ என்று யாரையாவது சொல்லும்போது, அந்தத் ‘தானே’யில் ஓர் இளக்காரம் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சென்ற வாரம் நண்பர் வீட்டில் அது காதில் விழுந்ததிலிருந்து, ஹெலன் வாக்னர் என்ற அமெரிக்க நடிகையைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் அவருடைய பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். நடுவே விலகியிருந்த காலங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரே தொடரில் ஒரே கதாபாத்திரத்தோடு அவர் 54 ஆண்டுகள் இணைந்திருந்தார். கின்னஸ் புத்தகம் பதிவு செய்த சாதனை அது.

1956 ஏப்ரல் 2 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்’ என்ற பகல்நேரத் தொடர் தொடங்கியது. இல்லினாய்ஸ் மாநிலத்தில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஓக்டேல் என்ற ஊரில், வழக்கறிஞர் கிறிஸ் ஹியூஸின் மனைவி நான்சியாக வந்த வாக்னர், அந்தத் தொடரின் முதல் வசனத்தைச் சொன்னார்: “குட் மார்னிங், டியர்.” அவருக்கு அப்போது வயது 37. இசை பயின்று, நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைகளில் பாடியும் நடித்தும் வந்த ஒருவருக்குக் கிடைத்த வசனம் அவ்வளவுதான். தூங்கி எழுந்த கணவனுக்கு ஒரு காலை வணக்கம்.

அதுவரை பகல்நேரத் தொடர்கள் வானொலிக்கால வழக்கப்படி பதினைந்து நிமிடங்களே ஓடின. சோப்புத் தயாரிக்கும் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் தயாரிப்பில், வானொலித் தொடர்களிலிருந்து வந்த இர்னா ஃபிலிப்ஸ் என்ற எழுத்தாளர் அதை அரை மணி நேரமாக நீட்டினார். கூடுதலாகக் கிடைத்த நேரத்தை அவர் சம்பவங்களால் நிரப்பவில்லை. சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவது, பேச்சு நின்ற பிறகும் கேமரா ஒரு முகத்தை விட்டு விலகாமல் காத்திருப்பது என்று, வீட்டில் வேலை செய்தபடியே பார்க்கும் பெண்ணின் மதியப் பொழுதுக்கு இசைவான ஒரு நிதானத்தை அவர் கதைக்குள் கொண்டுவந்தார். 1950களின் இறுதியிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அமெரிக்கப் பகல்நேரத் தொடர்களில் அதுவே முதலிடத்தில் இருந்தது.

அந்த நிதானத்தின் சுமை முழுவதும் நடிகர்களின் தலையில்தான் விழுந்தது. 1970களின் நடுப்பகுதி வரை அந்தத் தொடர் நேரலையாகவே ஒளிபரப்பானது; வாரத்தில் ஐந்து நாட்கள், பிற்பகல் ஒன்றரை மணிக்கு. வசனம் மறந்தாலும் கதவு திறக்க மறுத்தாலும் இரண்டாவது டேக் கிடையாது. மேடை நாடகத்தில்கூட ஒரே வசனத்தை நூறு இரவுகள் சொல்லிச் சொல்லிச் செப்பனிடலாம். இங்கே அன்றைய வசனம் அன்றோடு முடிந்துவிடும், மறுநாளுக்கு வேறு பக்கங்கள் காத்திருக்கும். திரைப்படத்தில் ஒரு நாளில் இரண்டு பக்கங்களை எடுத்து முடித்துவிட்டு ‘பாத்திரமாகவே வாழ்ந்தேன்’ என்று பேட்டி கொடுப்பவர்களை நினைத்தால் எனக்குச் சற்றுச் சிரிப்பு வருகிறது.

1963 நவம்பர் 22 அன்றும் அப்படித்தான் நடந்தது. நன்றித் திருநாள் விருந்துக்கு மகனின் முன்னாள் மனைவியை அழைத்ததைப் பற்றி நான்சி தன் மாமனாரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். மாமனாராக நடிப்பவர் சாண்டோஸ் ஒர்ட்டேகா. தொடர் ஆரம்பித்துப் பத்து நிமிடங்களில் திரையில் அறிவிப்பு அட்டை விழ, சிபிஎஸ் செய்தியாளர் வால்டர் கிராங்கைட்டின் குரல் மட்டும் ஒலிக்கிறது: டல்லாஸில் குடியரசுத் தலைவர் கென்னடி சுடப்பட்டார். நாடு முழுவதும் திரையை நோக்கி உறைந்து நின்றபோது, செய்தி குறுக்கிட்டதே தெரியாமல் வாக்னரும் ஒர்ட்டேகாவும் அரங்கில் அந்த விருந்தைப் பற்றித் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். வரலாற்றின் குறிப்புகளில் அந்தக் காட்சிக்கு ‘இடையில் நின்றுபோன சீரியல்’ என்ற இடம்தான் கிடைத்தது. நான் அதை அவர்கள் தொழிலின் மிகத் துல்லியமான படமாகப் பார்க்கிறேன்.

தொடர் தொடங்கிய காலத்திலேயே இர்னா ஃபிலிப்ஸ் வாக்னரை வேலையை விட்டு நீக்கினார் என்றும், அவர் காபி ஊற்றும் விதம் பிடிக்காததே காரணம் என்றும் ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. பிறகு வாக்னரே திரும்ப அழைக்கப்பட்டார். கேட்பதற்கு அற்பமாகத் தெரியும் காரணம்தான். ஆனாலும் எனக்கு ஃபிலிப்ஸ் மீது மதிப்புக் கூடியது இந்தக் கதையால்தான், ஏனெனில் தினமும் காபி ஊற்றும் பெண்கள் பார்க்கும் தொடரில் காபி ஊற்றுவதுதான் நடிப்பு. அழுவதற்கும் கத்துவதற்கும் வசனம் கைகொடுக்கும். பேசியபடியே கோப்பையை நிரப்பி, எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறார் என்று புரிந்தும் கை நடுங்காமல் இருப்பதற்கு எந்த வசனமும் உதவாது.

வில்லிகளின் நிலை வேறு. அதே தொடரில் 1960 முதல் லிசாவாக நடித்த ஐலீன் ஃபுல்டனைப் பார்வையாளர்கள் அவ்வளவு வெறுத்தார்கள். தெருவில் ஒரு பெண்மணி தன்னை அடித்துவிட்டதை அவரே சொல்லியிருக்கிறார். திரையில் தன்னைப் பாட்டியாக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் விதி சேர்க்கச் சொன்னவரும் அவரே. அதில் வீண் பகட்டு மட்டுமே இருந்ததாக நான் நினைக்கவில்லை. பகல்நேரத் தொடர்களின் ஒப்பந்தங்களில், பதின்மூன்று வாரங்களுக்கு ஒரு முறை நடிகரை நீக்கும் உரிமை தயாரிப்பாளருக்கு உண்டு. இடையில் விலகிச் செல்லும் உரிமை நடிகருக்குக் கிடையாது. பாட்டியாகிவிட்டால் கதை கைநழுவும், கதை கைநழுவினால் வேலையும் போகும் என்ற கணக்கை அவர் சரியாகவே போட்டிருக்கிறார்.

வாக்னருக்கு அந்தக் கணக்கு நேரவே செய்தது. இளம் ஜோடிகளையும் பரபரப்பையும் தேடி ஓடிய 1980களின் தொடக்கத்தில் நான்சிக்கு வசனமே இல்லாமல் போக, அவர் வெளியேறினார். அந்தப் பத்தாண்டின் நடுவில் திரும்பி வந்தார். 1986இல், முப்பது ஆண்டுகள் திரைக் கணவராக இருந்த டான் மெக்லாஃப்லின் காலமானபோது கதையில் கிறிஸும் இறந்தார், நான்சி விதவையானார். பின்னர் மறுமணம் செய்த கணவர் அல்சைமர் நோயில் கொஞ்சம் கொஞ்சமாக நினைவிழக்கும் கதை வந்தது. எழுபது வயதைத் தாண்டிய நடிகைக்கு வேறெந்தக் கலையில் இப்படிப்பட்ட வேலை கிடைத்திருக்கும்? ஹாலிவுட் அந்த வயதில் அவருக்கு ஒரு சாய்வு நாற்காலியைக் கொடுத்து ஓரத்தில் உட்கார வைத்திருக்கும்.

இந்த நடிகர்களை ‘தானே’ போட்டு ஒதுக்குவதற்கு அவர்கள் நடிப்பின் தரம் காரணம் என்று நான் நம்பவில்லை. அவர்களைப் பார்த்தவர்கள் வீட்டிலிருந்த பெண்கள். பார்த்த நேரம் ஆண்கள் அலுவலகத்தில் இருந்த நேரம். மதிப்புரை எழுதியவர்கள் பார்க்காத நடிப்பு, தரமற்ற நடிப்பாகிவிட்டது.

ஹெலன் வாக்னர் 2010 மே 1 அன்று, தம் 91ஆம் வயதில் காலமானார். தொடரை நிறுத்தும் முடிவு அதற்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 17 அன்று கடைசி அத்தியாயம் ஒளிபரப்பானது. 1960 முதல் நான்சியின் மகன் பாபாக நடித்துவந்த டான் ஹேஸ்டிங்ஸ், ஓய்வுபெறும் மருத்துவராகத் தன் அறையை விட்டுக் கிளம்பும்போது தொடரின் கடைசி வசனத்தைச் சொன்னார். இரண்டே சொற்கள்: “குட் நைட்.”