முகப்புக்கு ஒரு கவுன்சிலர், பின்கட்டுக்கு இன்னொருவர்

வார்டு எல்லை பெரும்பாலும் தெரு வழியாகத்தான் ஓடும். செட்டிநாட்டு வீடோ முகப்பு ஒரு தெரு, பின்கட்டு அடுத்த தெரு என்று நீண்டு கிடக்கும். பின்னால் வாறுகால் (சாக்கடை) அடைத்துக்கொண்டால் இந்தக் கவுன்சிலர் அவரைக் கைகாட்டுவார், அவர் இவரை. யாரிடம் போய் நிற்பது?

முழுக் குற்றமும் அவர்கள்மேல் இல்லை. கவுன்சிலர் கையில் செக் புத்தகம் கிடையாது. அவர் கேட்கும் வேலைக்குப் பொறியாளர் மதிப்பீடு போட வேண்டும், மன்றக் கூட்டத்தில் தீர்மானமாக வேண்டும், பிறகு டெண்டர், வேலை உத்தரவு. பல வேலைகள் மதிப்பீட்டிலேயே படுத்துவிடும். அதனால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தெருவிளக்கு என்றால் மின்கம்ப எண்ணைக் குறித்து எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். "பாத்துக்கிறேண்ணே" என்பதற்குப் பதிவு எண் கிடையாது.

2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19இல்தான்! இடையில் கவுன்சிலர்கள் இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. அத்தனை வருடம் காத்திருந்து ஜெயித்தவர்களுக்கு முதல் கவலை வாறுகாலா? சேர்மன் நாற்காலி. தலைவரைத் தேர்ந்தெடுப்பது கவுன்சிலர்கள்தானே, அந்த நாட்களில் போன் எடுக்கவே ஆளில்லை. பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஜெயித்தது அம்மா, போனில் பேசுவது அவர் வீட்டுக்காரர் என்பதும் பல ஊர்களில் நடக்கிறது.

காரைக்குடி 2024இல் மாநகராட்சியானது. நகராட்சி மாநகராட்சியானால் பேனரில் 'மாமன்ற உறுப்பினர்' என்று மாற்ற ஒரு ராத்திரி போதும். பல்பு மாற்றத்தான் ஏணி வண்டி வரணுமாம்.