சுண்ணாம்பு வட்டமும் 700 அடிப் பந்தலும்

பெரிய தலைவர் யாராவது கடலூருக்கு வருகிறார் என்றால் முதல் நாளே எங்களுக்குத் தெரிந்துவிடும். மைதானத்தில் புல் வெட்டுவார்கள், புழுதி பறக்காமல் இருக்க லாரியில் தண்ணீர் அடிப்பார்கள், சுண்ணாம்பால் வட்டம் போட்டு நடுவில் ‘எச்’ எழுதுவார்கள். ஓரமாக ஒரு தீயணைப்பு வண்டி. மதில்மேல் பையன்கள். தலைவர் இறங்கி, கையசைத்து, காரில் ஏறிப் போனால் சரி, அடுத்த மழையில் சுண்ணாம்பு கரைந்துவிடும். ஹெலிபேட் என்றால் அவ்வளவுதான் என்று ஐம்பது வயது வரை நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எங்கள் தெரு வாட்ஸப் குழுவில், மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்கு ஹெலிபேட் வேண்டும் என்று ஒரு கோரிக்கை சுற்றுகிறது. நானும் பெயர் சேர்த்தேன். கூடவே ஒரு வரி: ‘ஹெலிபேட் மட்டும் கேட்காதீர்கள், அதற்கு மேலே இருக்கிற வானத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.’ உடனே சிரிப்புப் பொம்மைகளாக வந்து விழுந்தன. “அண்ணே, வானத்துக்குப் பட்டா வாங்கித் தரச் சொல்லலாமா?” என்று ஒரு தம்பி கேட்டான். கிட்டத்தட்ட அதைத்தான் கேட்கிறேன். வாட்ஸப் தாங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன், ஒரு ஐப்பசி அடைமழையில் என் மாமனார் செம்மண்டலம் பக்கம் வண்டியோடு சறுக்கி விழுந்தார். தலையில் அடி. முதலுதவி செய்த இடத்தில், மெட்ராஸுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார்கள். வழியில் பாண்டிச்சேரியில் ஓர் இடத்தில் கேட்டோம், படுக்கை காலி இல்லை. ஆம்புலன்ஸில் நானும் என் மச்சானும். மரப்பாலத்தில் தேங்கிய தண்ணீர், திண்டிவனம் வரை கண் தெரியாத மழை, பரனூர் டோல்கேட்டைத் தாண்டினால் நெரிசல். சுமார் 180 கிலோமீட்டருக்கு ஆறரை மணி நேரம். மனிதர் பிழைத்துவிட்டார். வலது கை மட்டும் இன்றுவரை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சீக்கிரம் போயிருந்தால் கை தேறியிருக்குமா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் அக்கா மகன் மும்பையிலிருந்து நடுக்கடல் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஹெலிகாப்டர்களில் பராமரிப்பு இன்ஜினியராக இருக்கிறான். அடுத்த பொங்கலுக்கு வந்தவனிடம் கேட்டேன்: “அன்னைக்கு இங்க ஒரு ஹெலிகாப்டர் இருந்திருந்தா முக்கால் மணி நேரத்துல போயிருக்கலாம், இல்லடா?”

“இருந்திருந்தாலும் கிளம்பியிருக்காது மாமா. அன்னைக்கு மேகம் எவ்வளவு உயரத்துல இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?”

இருந்தது. தென்னந்தலைக்குக் கொஞ்சம் மேலே, ஈரவேட்டியைக் கொடியில் போட்ட மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் அன்று சொல்லிக்கொடுத்ததுதான் இந்தப் பதிவின் அடிப்படை. வானத்தில் பறக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, கண்ணால் தரையைப் பார்த்துப் பறப்பது. நம் ஊருக்கு வரும் தலைவர்களின் ஹெலிகாப்டர்கள் சுண்ணாம்பு வட்டத்தைப் பார்த்து இறங்குவது அப்படித்தான். இன்னொன்று, வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் கருவிகளை மட்டும் நம்பி, முன்கூட்டியே வரைந்து வைத்த பாதையில் பறப்பது. விமானங்கள் மேகத்துக்குள் புகுந்து வருவது இரண்டாவது வகை. முதல் வகையில் போகிற பைலட் மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால் எது மேல், எது கீழ் என்பதே உடம்புக்குத் தெரியாமல் போய்விடுமாம். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

இது நமக்குத் தெரியாத கதை இல்லை. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே முப்படைத் தளபதி பிபின் ராவத் சென்ற எம்ஐ-17 ஹெலிகாப்டர் விழுந்தது. பனிமூட்டத்துக்குள் அது மறைவதைக் காட்டிய அந்தச் சில விநாடி வீடியோவை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். விசாரணைக் குழு சொன்ன காரணம் சதியும் அல்ல, இயந்திரக் கோளாறும் அல்ல. எதிர்பாராமல் மாறிய வானிலையில் மேகத்துக்குள் புகுந்து, பைலட்டுக்குத் திசையுணர்வு தப்பியது. நீலகிரி மலை வேறு, நம் கடற்கரைச் சமவெளி வேறு. ஆனால் மேகம் மேகம்தான்.

அமெரிக்காவில் மருத்துவ ஹெலிகாப்டர்கள் ஏராளம், விபத்துகளும் அதற்கேற்ப. 2008ஆம் ஆண்டு அவர்களுக்கு மிக மோசமான வருடம். மறு வருடம் பிப்ரவரியில் விபத்து விசாரணை வாரியம் நான்கு நாள் பொது விசாரணை நடத்தியது. 2014இல் விமானப் போக்குவரத்து நிர்வாகம் மருத்துவ ஹெலிகாப்டர்களுக்கென்றே கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. இருட்டும் மோசமான வானிலையும் அந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப வந்தன. நோயாளியின் உயிர் ஊசலாடுகிறது என்று தெரிந்ததும், ‘போய்த்தான் பார்ப்போமே’ என்று கிளம்பிவிடும் மனசு இருக்கிறதே, அதுதான் ஆபத்து. மேகம் தாழ்ந்திருந்தால் கிளம்பாமல் இருக்க வேண்டும், அல்லது மேகத்துக்குள்ளேயே ஒழுங்காகப் போய்வர ஒரு வழி இருக்க வேண்டும். நடுவில் நின்று ரிஸ்க் எடுப்பதில்தான் ஆட்கள் செத்தார்கள்.

அந்த ஒழுங்கான வழி எப்படி இருக்கும்? இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. செயற்கைக்கோள் வழிகாட்டலில் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் படிப்படியாக இறங்கி வரும். வருவது நேராக மருத்துவமனை மாடிக்கு அல்ல, வானத்தில் இருக்கும் ஒரு புள்ளிக்கு. ஆமாம், வெறும் அந்தரத்தில், கணக்குப் போட்டு வைத்த ஒரு புள்ளி. தரையிலிருந்து சில நூறு அடி உயரம், ஹெலிபேடிலிருந்து கொஞ்ச தூரம். அங்கே வந்து சேர்ந்ததும் பைலட் கீழே பார்ப்பார். தெரிந்தால், மீதி தூரத்தைக் கண்ணால் பார்த்துப் போய் இறங்குவார். தெரியவில்லையா, அதற்கும் வரைந்து வைத்த பாதையில் மேலே ஏறித் திரும்பிவிடுவார். யோசிப்பதற்கோ வீரம் காட்டுவதற்கோ அங்கே இடமே இல்லை.

சரி, அந்தப் புள்ளிக்கு இறங்கி வரும்போது அதே மேகத்தின் அடியில் வேறொருவர் சின்ன விமானத்தில் கண்பார்வையை நம்பிச் சுற்றிக்கொண்டிருந்தால்? வானத்துக்குப் பட்டா என்று நான் சொன்னது இங்கேதான் வருகிறது. அமெரிக்காவில் ஒரு மருத்துவமனை ஹெலிபேடுக்கு இப்படி ஒரு பாதை வரைந்தால், அந்தப் புள்ளியை மையமாக வைத்து, பெரும்பாலும் ஆறு கடல் மைல், அதாவது சுமார் 11 கிலோமீட்டர் ஆரத்தில், தரைக்கு மேல் 700 அடியிலிருந்து தொடங்கும் ஒரு கட்டுப்பாட்டு வான்பரப்பை ‘ஈ’ வகுப்பு என்று அறிவிக்கிறார்கள். இதை வேலி என்று நினைக்கக்கூடாது, பந்தல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பந்தலுக்குக் கீழே நடமாட்டம் வழக்கம்போல. மேலேயும் யாரையும் நுழையாதே என்று விரட்டுவதில்லை. கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானிகள் அனுமதி கேட்காமலேயே போகலாம். நிபந்தனை ஒன்றுதான்: வானிலை நன்றாக இருக்க வேண்டும். பந்தல் இல்லாத வெற்று வானத்தில், தாழ்வான உயரத்தில், பகலில் 1.6 கிலோமீட்டர் தூரம் தெரிந்தாலே சின்ன விமானம் பறக்கலாம், மேகத்தைத் தொடாமல் இருந்தால் போதும். பந்தலுக்குள் 4.8 கிலோமீட்டர் தெரிய வேண்டும், மேகத்துக்கு 500 அடி கீழே அல்லது 1,000 அடி மேலே, பக்கவாட்டில் 2,000 அடி தள்ளி இருக்க வேண்டும். மேகத்தைப் பிய்த்துக்கொண்டு திடீரென்று ஒரு ஹெலிகாப்டர் வெளியே வந்தால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து விலக அந்த இடைவெளி போதும். கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லை, ரேடார் கட்டடம் இல்லை. வரைபடத்தில் ஒரு வட்டம்.

இதை அவர்கள் செய்யும் விதமும் எனக்குப் பிடித்திருக்கிறது. அட்சரேகை தீர்க்கரேகையோடு முதலில் முன்மொழிவாக அரசிதழில் வெளியிடுவார்கள், யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம், பிறகுதான் இறுதி அறிவிப்பு. மருமகன் அனுப்பிய சிலவற்றைப் படித்துப் பார்த்தேன். ‘கருத்துகள் எதுவும் வரவில்லை’ என்று ஒரே வரியில் முடிந்திருந்தது. நம் ஊரில் இப்படி ஒரு வாய்ப்புக் கொடுத்தால் கருத்துகளை மூட்டையில் கட்டித்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

நம் நாட்டில் என்ன நிலை? வான்பரப்பு வகுப்புகள் புதிதல்ல, இந்தியாவிலும் டி, ஈ, எஃப், ஜி வகுப்புகள் உண்டு. 2024 அக்டோபர் 29 அன்று ரிஷிகேஷ் எய்ம்ஸில் ‘சஞ்சீவனி’ ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் தொடங்கியது. 2025 மே மாதம் அது கேதார்நாத்தில் இறங்கும்போது வால்பகுதி உடைந்து நின்றது, உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். செயற்கைக்கோள் வழிகாட்டலுக்கு இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ‘ககன்’ இருக்கிறது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தான் கிஷன்கட்டில் ஒரு பயணிகள் விமானம் அதை நம்பித் தரையிறங்கிக் காட்டியது. 2023 ஜூனில் மும்பை ஜூஹுவிலிருந்து புனேவுக்கு ஒரு ஹெலிகாப்டர் அதே ககன் துணையோடு பறந்தது. ஆக, கையில் கருவி இருக்கிறது. அதை மருத்துவமனை வாசல் வரை இழுத்துவர யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்க வேண்டும் என்று நமக்கே தெரியாது.

வாட்ஸப் குழுவில் வந்த எதிர்ப்புகளில் இரண்டு நியாயமானவை. 

“கடலூரிலிருந்து பாண்டிக்கு 25 கிலோமீட்டர், அதற்கு ஹெலிகாப்டரா?” என்று ஒருவர் கேட்டார். தேவையில்லை என்பதுதான் என் பதிலும். ஏற்றி, கட்டி, இன்ஜின் போட்டுக் கிளம்புவதற்குள் 108 ஆம்புலன்ஸ் அரியாங்குப்பம் தாண்டியிருக்கும். நான் பேசுவது சென்னை தூரத்தை. அதுவும் நூற்றில் ஓரிரு நோயாளிகளுக்கு.

“முதலில் இங்கேயே தலைக்காயத்துக்கு வைத்தியம் பார்க்க ஆள் போடச் சொல்லு” என்றார் என் பெரியப்பா மகன். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு ஹெலிகாப்டரை ஒரு வருடம் நிறுத்தி வைக்கும் செலவில் எத்தனை டாக்டர், எத்தனை நர்ஸ் என்று கணக்குப் போட்டால் அண்ணன் சொல்வதுதான் முதலில் நடக்க வேண்டும். ஆனால் ஹெலிபேட் கட்டுவதென்று எவராவது முடிவெடுத்தே விட்டால், வெயில் காலத்தில் மட்டும் உதவும் ஹெலிபேடாக அது இருக்கக்கூடாது. நம் ஊரில் சாலை கைவிடும் நாளும் மேகம் தாழும் நாளும் ஒன்றேதான்.

ஃபெஞ்சல் புயலை நினைத்துப் பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அந்தக் காற்றில் எந்த ஹெலிகாப்டரும் பறக்காது, பறக்கவும் கூடாது. நான் சொல்வது அதற்கு அடுத்த நாள்களை. காற்று ஓய்ந்திருந்தது, தென்பெண்ணை கரை புரண்டு வந்தது, கடலூர் - புதுச்சேரி சாலையில் தண்ணீர். வானம் மட்டும் வெளுக்காமல் அப்படியே தொங்கியது. சுண்ணாம்பு வட்டத்தைத் தேடி வரும் பைலட்டுக்கு அது வீட்டில் இருக்க வேண்டிய நாள். அந்தரப் புள்ளிக்கு வரும் பைலட்டுக்கு வேலை நாளாக இருந்திருக்கலாம்.

அப்புறம் நம் இடத்துக்கே உரிய சில சங்கதிகள். மஞ்சக்குப்பத்தை மையமாக வைத்து 11 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டுப் பார்த்தேன் (பேரனின் காம்பஸ், பழைய மாவட்ட வரைபடம்). வடக்கே கன்னியக்கோயிலைத் தாண்டி, பாகூரை விழுங்கிக்கொண்டு போகிறது. அதாவது வட்டத்தின் ஒரு பகுதி புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்குள். எல்லையில் பாட்டிலுக்குப் பையைத் திறந்து காட்டுகிற ஊர் நம்முடையது. நல்லவேளையாக வான்பரப்பு மத்திய அரசின் கையில் இருக்கிறது, மேகத்துக்குச் செக்போஸ்ட் இல்லை.

கிழக்கே பார்த்தால் முழுக்கக் கடல். இது நமக்குக் கிடைத்த வரம். மலை இல்லை, உயரக் கட்டடம் இல்லை, புகைபோக்கி இல்லை. கடல் பக்கமிருந்து இறங்கி வந்து, தரை தெரியாவிட்டால் கடல் பக்கமே ஏறித் திரும்பிவிடலாம். “இப்படி ஒரு இடம் கிடைச்சா பாதை வரையறவங்க கும்பிடுவாங்க மாமா” என்றான் மருமகன். 

ட்ரோன் விஷயத்தையும் சொல்ல வேண்டும். தேவனாம்பட்டினத்தில் மாசிமகத்துக்கும் முகூர்த்த நாள்களில் மண்டபத்துக்கு மேலேயும் அவை பறக்கின்றன. 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் முன்அனுமதி வேண்டும், 8 முதல் 12 வரை 200 அடி உயரத்துக்குள்ளும், அதற்கு அப்பால் பச்சை மண்டலத்தில் 400 அடி வரையும் முன்அனுமதி இல்லாமலே பறக்கலாம். புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தின் அந்த வளையம் கோரிமேட்டை மூடும், கடலூர் வரை வராது. பந்தல் 700 அடியில் என்றால் 400 அடி ட்ரோனோடு அங்கே மோதல் இல்லை. ஆனால் அந்தரப் புள்ளியிலிருந்து ஹெலிபேடுக்கு இறங்கும் கடைசி நீளம் ட்ரோன் உயரத்தில்தான் வரும். ஹெலிபேட் வரும் அன்றே ட்ரோன் மண்டல வரைபடத்திலும் அந்த இடத்தின் நிறம் மாற வேண்டும்.

இவ்வளவையும் இரண்டு பக்க மனுவாக எழுதி ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். பதிவு செய்பவர் பொறுமையாகப் படித்துவிட்டு, “இது எந்தத் துறை சார்?” என்று கேட்டார். சுகாதாரம் என்றேன். பிறகு வருவாய் என்றேன். கடைசியில் ‘இதர’ என்று எழுதி ரசீது கொடுத்தார். அவர்மேல் தப்பில்லை. எனக்கே தெரியவில்லையே.

அடுத்த மனு நேராக விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு. அதோடு இணைக்க மஞ்சக்குப்பம், தேவனாம்பட்டினம், செம்மண்டலம் பகுதிகளில் இருக்கும் செல்போன் டவர்கள், தண்ணீர்த் தொட்டிகள், சர்ச் கோபுரங்களின் உயரம் வேண்டும். சர்வே வேலையில் இருந்த நண்பர்கள், டவர் ஏறும் தம்பிகள் யாராவது இருந்தால் கமெண்டில் போடுங்கள். அடிக்கணக்கில் போதும், தோராயமாக வேண்டாம்.