அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ளயே கருத்து சொல்லிடணுமா?

நான் ரொம்ப மதிக்கற ஒரு மூத்த ஆய்வாளர் போன மாசம் ஒரு கோயில் நுழைவுப் பிரச்சினை பத்தி நீளமா ஒரு பதிவு போட்டார். சம்பவம் நடந்து மூணு வாரம் ஆயிருந்துச்சு. அந்த ஊருக்கே போயி, ரெண்டு பக்கத்து ஆளுங்ககிட்டயும் பேசி, பழைய வழக்குக் காகிதமெல்லாம் புரட்டிப் பாத்துட்டு எழுதியிருந்தார். கீழ வந்த முதல் கமெண்ட்டே "இவ்ளோ நாள் எங்க போயிருந்தீங்க?" அடுத்தது "கள்ள மௌனம்". பதிவைப் படிச்ச மாதிரி ஒருத்தரும் பேசல. எனக்கு வயிறு எரிஞ்சுது.

எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959-ல 'எழுத்து'ங்கற இலக்கியப் பத்திரிகையை ஆரம்பிச்சது மாச இதழா. ஒரு கட்டுரைக்கு மறுப்பு எழுதணும்னா அடுத்த இதழ் வரைக்கும் காத்திருக்கணும், அதுக்குள்ள கோபம் கொஞ்சம் ஆறும், எதிராளி என்னதான் சொல்றான்னு இன்னொரு தடவை படிக்கத் தோணும். இப்ப சினிமா டீசர்ல இருந்து காவிரி வரைக்கும் எல்லாத்துக்கும் அதே ஆள்கிட்ட அன்னிக்கே கருத்து வேணும். கல்வெட்டு படிக்கறவர்கிட்ட பட்ஜெட் பத்திக் கேக்கறோம், சொல்லலன்னா பயந்துட்டார்ங்கறோம்.

அதுக்காக அந்தக் காலம் பொற்காலம்னு சொல்ல வரல. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல ராயப்பேட்டையில இருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகை நடத்தினார். 1914-ல அவர் போனப்புறம் எத்தனை காலம் அவரைப் பத்தி பேச்சே இல்லாம இருந்துச்சு! அவர் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999-ல வெளிவந்தப்புறம்தான் பரவலா பேச ஆரம்பிச்சாங்க. நான் காலேஜ் படிச்சப்ப ஒரு வாத்தியார் வாயில இருந்தும் அந்தப் பேரு வந்ததில்ல. யார் அறிஞர்னு முடிவு பண்ற கதவு சில பேர் கையில மட்டும் இருந்துச்சு, அது உடைஞ்சதுல எனக்கு மனசார சந்தோஷம். 1981-ல யாழ்ப்பாணம் நூலகத்தை எரிச்சாங்க, 2005-ல ஆரம்பிச்ச நூலகம் திட்டம் ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் பண்ணி இணையத்துல யாரு வேணா படிக்கலாம்னு வச்சிருக்கு. இன்னிக்கு ஒரு பேராசிரியர் மேடையில ஒரு வருஷத்தைத் தப்பா சொன்னா கடைசி வரிசையில இருக்கற பொண்ணு போன்லயே மூலத்தைத் திறந்து "சார், இங்க வேற மாதிரி இருக்கே"ங்குது. இதை விட நல்ல காலம் எது?

ஆனா அதே போன்லதான் இன்னொண்ணும் நடக்குது. பெருமாள்முருகனோட 'மாதொருபாகன்' நாவல் 2010-ல வந்துச்சு, நாலு வருஷம் ஒரு பிரச்சினையும் இல்ல. 2014 கடைசில திருச்செங்கோட்டுல சில பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து விநியோகிச்சாங்க, முழுசாப் படிக்காதவங்கல்லாம் கொதிச்சாங்க, 2015 ஜனவரில எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துட்டான்னு அவரே முகநூல்ல எழுதற நிலைமை வந்துச்சு. 2016 ஜூலைல சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்னுச்சு, சரி, ஆனா அந்த ஒன்றரை வருஷத்தை யார் திருப்பிக் குடுப்பா? அன்னிக்கு ஜெராக்ஸ் கடைக்காவது போகணும். இப்ப ஸ்க்ரீன்ஷாட், ரெண்டு செகண்ட்.

இதுல எனக்கு ரொம்ப வேதனை எதுன்னா, நல்லா யோசிக்கத் தெரிஞ்சவங்களே மாறிட்டாங்க. அரசாங்கத்தை எதிர்த்து எழுதறவங்க இருக்காங்க, தன் பதிவுக்கு லைக் போடற கூட்டத்துக்குப் பிடிக்காததை எழுதறவங்களைத் தேட வேண்டியிருக்கு. "அன்னிக்கு நான் சொன்னது தப்பு"ன்னு ஒருத்தர் எழுதினா அதைப் பாராட்டாம, பழைய பதிவை எடுத்துட்டு வந்து அடிக்கறோம். அப்புறம் எவர் ஒத்துக்குவார்?

நேத்து அந்த ஆய்வாளர் பதிவை மறுபடி முழுசாப் படிச்சேன். வழக்கு நடந்த வருஷம் ஒரு இடத்துல பொருந்தல, அதை மட்டும் கேட்டு எழுதினேன். காலைல பதில் வந்திருக்கு: "தம்பி, நான்தான் தப்பாப் போட்டிருக்கேன்னு நினைக்கறேன், மூலத்தைப் பாக்கணும், ரெண்டு நாள் குடுங்க."

எத்தனை நாள் வேணாலும் எடுத்துக்கோங்க ஐயான்னு பதில் போட்டிருக்கேன்.