மழைக்கோட்டைத் துவைத்தால் கெட்டுவிடுமா?

"வாட்டர்புரூஃப் வேலைக் கோட்டைத் துவைக்கவே கூடாது, ஒரு தடவை துவைத்தாலே தண்ணீர் உள்ளே இறங்கும்." பிரிட்டனில் சாரம் கட்டுபவர்கள், கூரை வேலை பார்ப்பவர்கள் நடுவே ஒவ்வொரு குளிர்காலமும் சுற்றும் இந்தப் பேச்சு தவறு.

மூச்சுவிடும் வகைக் கோட்டில், அதாவது வியர்வை ஈரத்தை வெளியே விடும் கோட்டில், தண்ணீரைத் தடுப்பது உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு. மேல்துணியில் இருப்பது நீர் உருண்டோட வைக்கும் பூச்சு. சிமெண்ட் தூசி, எண்ணெய், வியர்வை படிந்தால் முதலில் அடிவாங்குவது அந்தப் பூச்சுதான். மேல்துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், உடம்பின் ஈரம் வெளியேற வழியிருக்காது. உள்சட்டை நனைந்ததும் கோட்டு ஒழுகுகிறது என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அது நம் வியர்வைதான்.

மழை ஆடைக்கான ஐரோப்பியத் தரமான ஈ.என். 343-இன் சோதனையிலேயே, உயர்ந்த வகுப்புத் துணியைத் துவைத்த பிறகும், உராய்த்த பிறகும் சோதிக்கிறார்கள். லேபிளில் இரண்டு எண் இருக்கும்: ஒன்று நீர்த் தடுப்பு, மற்றது ஈரம் வெளியேறும் திறன். இரண்டுக்கும் 4 தான் உச்சம். ஓடியாடி வேலை செய்பவர் இரண்டாவது எண்ணையும் கட்டாயம் பாருங்கள்.

சரி, எப்படித் துவைப்பது? லேபிளில் சொன்ன சூட்டில், திரவச் சோப்பில். துணி மென்மையாக்கியும் பிளீச்சும் வேண்டவே வேண்டாம். நன்றாக அலசுங்கள். லேபிள் அனுமதித்தால் டிரையரில் மிதமான சூடு கொடுங்கள், பூச்சு மீண்டும் வேலை செய்யும். அப்புறமும் தண்ணீர் முத்து முத்தாக நிற்கவில்லையா? நீர்விலக்கி ஸ்பிரே அடிக்கலாம். பளிச்சிடும் மஞ்சள் கோட்டுகளுக்கு மட்டும் துவைப்பு எண்ணிக்கைக்கு வரம்பு போட்டிருக்கலாம், அதை மீறாதீர்கள்.