ஜூலை 3, ராத்திரிச் சமையல்

(நியூஜெர்சி. நாளைக்கு பார்க்கில் பாட்லக், அதாவது ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து. மகள் மாடியில் ஆபீஸ் மீட்டிங்கில். மாமியாரும் மாப்பிள்ளையும் சமையலறையில்.)

மாமியார்: இந்த ஊருக்கு எப்போது சுதந்திரம் கிடைத்தது மாப்பிள்ளை?

மாப்பிள்ளை: 1776 அத்தை. அமெரிக்காவின் காங்கிரஸ் சபையில் ஓட்டெடுத்து முடிவு செய்தது ஜூலை 2, சுதந்திர அறிக்கைக்கு ஒப்புதல் கிடைத்ததுதான் 4ஆம் தேதி. இனி 2ஆம் தேதியைத்தான் ஊரே கொண்டாடும் என்று, பின்னால் ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ் மனைவிக்குக் கடிதமே எழுதினார்.

மாமியார்: நாட்டையே இரண்டு நாள் முன்னாடி தயார் செய்து வைத்துவிட்டார்கள், நீங்கள் இன்னும் உருளைக்கிழங்கையே இறக்கவில்லை.

மாப்பிள்ளை: இதோ! பொட்டேட்டோ சாலட் முந்தின ராத்திரி செய்தால்தான் ருசி அத்தை. கிழங்கு சூடாக இருக்கும்போதே வினிகர் தெளித்தால் உள்ளே இறங்கிவிடும், அப்புறம் நன்றாக ஆறவிட்டு மயோனைஸ், வெங்காயம், செலரி எல்லாம் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்தால் வேலை முடிந்தது.

மாமியார்: தாளிப்பு?

மாப்பிள்ளை: கிடையாது.

மாமியார்: கடுகுகூடவா?

மாப்பிள்ளை: கடுகு உண்டு. மஞ்சளாக, விழுதாக, பாட்டிலில்.

மாமியார்: சட்டியில் வெடிக்காத கடுகு! அதனால்தான் ராத்திரி வானத்தில் வெடிக்கிறார்களாக்கும்.

மாப்பிள்ளை: இதை ஐஸ் பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். வெளியே எடுத்தால் இரண்டு மணி நேரம்தான், வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ஒரே மணி நேரம். முட்டைக்கும் அதே கணக்கு.

மாமியார்: என் புளிக்காய்ச்சலுக்கு இந்தக் கவலையே இல்லை. எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிற வரைக்கும் காய்ச்சி எடுத்து வைத்தாயிற்று, காலையில் சாதம் வடித்துக் கிளறினால் போதும். சரி, கேக்கைப் பாருங்கள். உங்கள் கொடியேதான். ஸ்ட்ராபெரி ஏழு வரிசை, நடுவில் க்ரீம் ஆறு வரிசை, மூலையில் நட்சத்திரத்துக்கு ஐம்பது ப்ளூபெரி, எண்ணித்தான் வைத்தேன்.

மாப்பிள்ளை: ஐயோ அத்தை, நறுக்கின ஸ்ட்ராபெரியைப் புறப்படும்போதுதான் அடுக்க வேண்டும்! விடிவதற்குள் தண்ணீர் விட்டு வெள்ளைக் கோடெல்லாம் ரோஸ் ஆகிவிடும்.

மாமியார்: அப்படியானால் அதை மட்டும் எடுத்து டப்பாவில் போடுங்கள். ப்ளூபெரி முழுசாகத்தானே இருக்கிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும். (குனிந்து எண்ணுகிறார்) மாப்பிள்ளை, 49தான் இருக்கிறது.

மாப்பிள்ளை: (மென்றபடி) 49 நட்சத்திரக் கொடியும் இருந்ததே அத்தை! அலாஸ்கா மாநிலமாகச் சேர்ந்த பிறகு 1959 ஜூலை 4-இல் ஏற்றினார்கள். ஒரு வருஷம்தான் பறந்தது, அதற்குள் ஹவாயும் சேர்ந்து 50 ஆகிவிட்டது.

மாமியார்: ஓ, அப்போது நீங்கள் விழுங்கினது ஹவாயா? ஃப்ரிட்ஜில் இன்னொரு ஹவாய் இருக்கும், எடுத்து வையுங்கள். கையைக் கழுவிவிட்டு.